நெல் நாற்றில் பிராசினோஸ்டீராய்டு தடுப்பான்களைச் சோதிப்பது எப்படி? முதன்முறை செய்வோருக்கான வழிகாட்டி

நெல் நாற்று குட்டையாவதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்தாலும் குட்டையாகும், வேர் நஞ்சுபட்டாலும் குட்டையாகும், வெறும் இரும்புச்சத்துப் பற்றாக்குறையிலும் குட்டையாகும். ஆகவே ஒரு வேதிப்பொருளைக் கலந்து, நாற்று வளரவில்லை என்று கண்டதுமே "இது பிராசினோஸ்டீராய்டு உற்பத்தியைத் தடுக்கிறது" என்று எழுதிவிட முடியாது. அந்த நாற்றுக்கே வெளியிலிருந்து பிராசினோஸ்டீராய்டைக் கொடுத்து, அது பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகே அப்படி எழுதலாம். இந்த மீட்புச் சோதனையை முதல் நாளிலேயே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும். கீழே உள்ள அளவுகளும் படிகளும் அதை மையமாக வைத்தே அமைந்தவை.

முதலில் கொஞ்சம் பின்னணி

பிராசினோஸ்டீராய்டுகள் செடிகளின் ஸ்டீராய்டு ஹார்மோன்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல், தேனீக்கள் திரட்டிய சுமார் 227 கிலோ ரேப் மகரந்தத்திலிருந்து இவ்வகையின் முதல் பொருளான பிராசினோலைடைச் சில மில்லிகிராம் பிரித்து அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். நெல் அதற்கு முன்பே இந்த ஹார்மோனைக் காட்டிக்கொடுத்திருந்தது. 1968-இல் ஜப்பானில் இசுநோகி என்ற மரத்தின் இலைச்சாறு நெல் இலையை மூட்டில் வளைப்பதைக் கண்டார்கள். கிடைத்த அளவு மிகக் குறைவாக இருந்ததால் அது என்ன பொருள் என்று அப்போது சொல்ல முடியவில்லை.

இலை வளைவது எதனால் என்று தெரிந்துகொண்டால் பின்னால் எதை அளக்கிறோம் என்பது விளங்கும். நெல் இலையில் தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையும், விரிந்து நீளும் இலைத்தாளும் சேருமிடத்தில் வெளிறிய ஒரு பட்டை தெரியும். அதுதான் இலைமூட்டு. உட்பக்கத்தில் அதன் மேல் ஒரு மெல்லிய சவ்வு நிற்கும், அது இலைநா. பிராசினோஸ்டீராய்டு மிகுந்தால் மூட்டின் மேற்பக்கச் செல்கள் நீளும், அடிப்பக்கத்தில் செல் பிரிவது குறையும். மேற்பக்கம் நீண்டு அடிப்பக்கம் நீளாததால் இலைத்தாள் வெளியே சாய்கிறது. ஹார்மோன் குறைந்தால் இலை ஈட்டிபோல நிமிர்ந்து நிற்கும்.

இந்த நிமிர்வு வயலுக்கும் முக்கியம். இலைகள் நிமிர்ந்திருந்தால் வெயில் அடியிலைகள் வரை இறங்கும், பயிரை நெருக்கமாகவும் நடலாம். பிராசினோஸ்டீராய்டு உற்பத்திக்கான ஓ.எஸ். டுவார்ஃப்4 மரபணு பழுதான ஒரு நெல் வகை, நெருக்கி நட்டபோது கூடுதல் உரமில்லாமலே அதிக விளைச்சல் தந்ததாக 2006-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அந்த மரபணு செய்யும் வேலையை நெல்லில் டி11 என்ற இன்னொரு மரபணுவும் பகிர்ந்துகொள்கிறது. ஒன்று பழுதானாலும் ஹார்மோன் முழுக்க வற்றிவிடாது என்பதால் இலை நிமிர்ந்ததே தவிர, செடி நோஞ்சானாகவில்லை. ஹார்மோன் அடியோடு இல்லாமல் போனால் கதை வேறு. பி.ஆர்.டி1 மரபணு கெட்ட நெற்செடிகள் மிகக் குட்டையாக, சுருண்டு முறுக்கிய கரும்பச்சை இலைகளோடு நிற்கும். தடுப்பான் கொடுக்கும்போதும் இதே நிலைதான்: அளவைக் கூட்டக் கூட்ட முதலில் இலை நிமிரும், பிறகு உறை குறுகும், கடைசியில் செடி கெடும். நமக்கு வேண்டியது முதல் இரண்டு கட்டங்கள்.

எந்தத் தடுப்பானை வாங்குவது?

பிராசினசோல் ஜப்பானின் ரிக்கன் நிறுவனத்தில் இதற்கென்றே உருவாக்கப்பட்ட டிரையசோல் வகைப் பொருள். அதன் விரிவான ஆய்வு 2000-இல் வந்தது. ஹார்மோன் உற்பத்திப் பாதையில் 22-ஆம் கார்பனில் ஹைட்ராக்சில் சேர்க்கும் சிட்டோகுரோம் பி450 நொதியில் இது ஒட்டிக்கொண்டு பாதையை அடைக்கிறது. குறி தவறாத பொருள், ஆனால் விலை அதிகம். ஆய்வகங்களில் மாதிரிச் செடியாக வளர்க்கும் அரபிடாப்சிஸின் நாற்றில் தெரியும் கடுமையான விளைவை நெல்லில் எதிர்பார்க்காதீர்கள். நெல் இதற்குக் குறைவாகவே மசிகிறது.

புரோபிகோனசோல் நம்மூர் உரக்கடைகளில் இலையுறை கருகல் நோய்க்கு விற்கும் பூஞ்சைக்கொல்லிதான். அரபிடாப்சிஸிலும் மக்காச்சோளத்திலும் இது பிராசினோஸ்டீராய்டு உற்பத்தியைத் தடுக்கிறது என்பதை 2012-இல் காட்டினார்கள். விலை குறைவு என்பதால் கற்றுக்கொள்ள இதுவே ஏற்றது.

பேக்லோபியூட்ரசோலும் யூனிகோனசோலும் அதே டிரையசோல் குடும்பம்தான். ஆனால் அவை முதன்மையாக அடைப்பது ஜிப்ரலின் பாதையை. பேக்லோபியூட்ரசோலை ஒப்பீட்டுக்காக ஒரு சாடியில் வைத்துக்கொண்டால், ஜிப்ரலின் குறைந்த குட்டை எப்படி இருக்கும், பிராசினோஸ்டீராய்டு குறைந்த குட்டை எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே பழகலாம். முதல் சோதனையிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் 25 சதவீதப் புரோபிகோனசோல் கரைசலை அப்படியே சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் மருந்து கால் பங்குதான், மிச்சம் கரைப்பானும் பால்மமாக்கியும். அந்த மிச்சத்தை மட்டும் தனியே வாங்கி, மருந்தில்லாத கட்டுப்பாட்டுச் சாடியில் ஊற்ற வழியில்லை. வேர் கருகினால் மருந்தாலா பால்மமாக்கியாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? பகுப்பாய்வுத் தரத் தூளையோ திரவத்தையோ வாங்குங்கள். எவ்வளவு வேண்டும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்: கீழே சொல்லும் முதன்மைச் சோதனையை ஒருமுறை செய்ய 10 மைக்ரோமோலார் அளவில் 1.54 மில்லிகிராம் போதும்.

இருப்புக் கரைசல்கள்

எல்லா இருப்பும் ஆயிரம் மடங்குச் செறிவில் இருக்கட்டும். அப்போது எந்தச் சாடிக்கும் ஒரே கணக்கு: 1 லிட்டருக்கு 1 மி.லி., 150 மி.லிட்டருக்கு 150 மைக்ரோலிட்டர்.

புரோபிகோனசோலின் மூலக்கூறு எடை 342.2. எனவே 3.42 மி.கி. எடுத்து 1 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில் கரைத்தால் 10 மில்லிமோலார் இருப்பு தயார். பிராசினசோலுக்கு 3.28 மி.கி., பேக்லோபியூட்ரசோலுக்கு 2.94 மி.கி., ஜிப்ரலிக் அமிலத்துக்கு (இது ஒரு ஜிப்ரலின்) 3.46 மி.கி. மீட்புக்கு 24-எபிபிராசினோலைடு வாங்குங்கள், பிராசினோலைடைவிட மலிவு. பெரும்பாலும் 1 மி.கி. குப்பியாகத்தான் வரும். அதை எடை போட முயன்று சிந்தாதீர்கள். குப்பிக்குள்ளேயே 2.08 மி.லி. டி.எம்.எஸ்.ஓ. விட்டுக் கரைத்தால் 1 மில்லிமோலார். அதைப் பத்து மடங்கு நீர்த்தால் 0.1 மில்லிமோலார், சாடிக்குள் அது 100 நானோமோலார் ஆகும். இன்னும் பத்து மடங்கு நீர்த்தால் சாடியில் 10 நானோமோலார். நீர்ப்பதையும் டி.எம்.எஸ்.ஓ.-விலேயே செய்ய வேண்டும், தண்ணீரில் செய்தால் ஆயிரம் மடங்குக் கணக்கு குலைந்துவிடும். சிறு குப்பிகளில் பிரித்து, பெயரும் தேதியும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

குறைந்த செறிவு வேண்டுமென்றால் பெரிய இருப்பிலிருந்து கொஞ்சமாக எடுப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு சாடியிலும் டி.எம்.எஸ்.ஓ. அளவு வேறுபடும். 30, 10, 3, 1, 0.3 மில்லிமோலார் எனத் தனித்தனி இருப்புகள் செய்து, எல்லாவற்றிலிருந்தும் ஒரே கன அளவை எடுங்கள். மீட்புச் சாடிகளில் தடுப்பான் ஒன்று, ஹார்மோன் ஒன்று என இரண்டு இருப்புகள் சேரும். டி.எம்.எஸ்.ஓ. 0.2 சதவீதமாகிவிடும். எனவே மற்றச் சாடிகளிலும் வெறும் டி.எம்.எஸ்.ஓ. சேர்த்து 0.2 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

கையுறை கட்டாயம். டி.எம்.எஸ்.ஓ. தோலை ஊடுருவும், தன்னில் கரைந்திருப்பதையும் உள்ளே கொண்டு போகும். புரோபிகோனசோல் ஐரோப்பாவில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு தரக்கூடிய பொருளாக வகைப்படுத்தப்பட்டது. கருவுற்றிருப்பவர்கள் இந்தக் கரைசல்களைக் கையாளக் கூடாது.

விதை

ஒரே அறுவடை, ஒரே மூட்டை விதை. ஆடுதுறை 43, கோ 51, ஐ.ஆர். 64 எதுவானாலும் சரி, ஆனால் சோதனை முழுக்க ஒன்றே இருக்க வேண்டும். இலைக்கோணம் ரகத்துக்கு ரகம் மாறும். புது நெல்லாக இருந்தால் உறக்கம் கலையாமல் சில முளைக்கும், சில முளைக்காது. உலர்ந்த விதையை 50 டிகிரி உலர்த்தும் அடுப்பில் 5 நாள் வைத்து எடுத்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

சுமார் 250 விதைகளின் உமியை விரலாலோ ரப்பர் பலகையாலோ நீக்குங்கள். ஒரு முனையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது கரு, அதில் கீறல் விழுந்த அரிசி வேண்டாம். 70 சதவீத எத்தனாலில் 1 நிமிடம். பிறகு 2 முதல் 2.5 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு சொட்டு டுவீன் 20 (சோப்பு போன்ற திரவம்) சேர்த்து, ஆட்டிக்கொண்டே 15 முதல் 20 நிமிடம். கிருமி நீக்கிய நீரில் ஐந்து முறை அலசுங்கள், குளோரின் வாடை அடங்கும் வரை.

இந்தக் கிருமி நீக்கத்தில் சோம்பல் கூடவே கூடாது, அதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நாம் சோதிக்கும் பொருள் பூஞ்சைக்கொல்லி. விதையில் பூஞ்சை மிச்சமிருந்தால் அது கட்டுப்பாட்டுச் சாடியில் மட்டும் வளரும், மருந்திட்ட சாடி பளிச்சென்று இருக்கும். கட்டுப்பாட்டு நாற்று பூஞ்சையால் வாடும்போது மருந்து பெற்ற நாற்று அதைவிட நன்றாக வளர்ந்ததாகக்கூடத் தோன்றும். பூஞ்சை தெரிந்த சாடியின் அளவுகளைச் சேர்க்காதீர்கள். பூஞ்சை கட்டுப்பாட்டில் மட்டும் தெரிந்தால் அந்த முறைச் சோதனையையே தள்ளிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

அலசிய அரிசியை நீரில் அமிழ்த்தி 30 டிகிரியில், இருட்டில் 24 மணி நேரம் ஊறவையுங்கள். பின் ஈரத்தாளில் பரப்பி இன்னும் ஒரு நாள். 1 முதல் 2 மில்லிமீட்டர் முளை காட்டியவற்றை மட்டும் பொறுக்குங்கள். முந்தியதும் பிந்தியதும் வேண்டாம். இந்தப் பொறுக்கலில் காட்டும் கண்டிப்பு பின்னால் அளவுகளின் சிதறலைப் பாதியாக்கும்.

சாடிகள்

15 செ.மீ.க்குக் குறையாத உயரமுள்ள கண்ணாடிச் சாடிகள் தேவை. டிரையசோல்கள் கொழுப்பை நாடும் பொருள்கள், பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு, நாற்று வளரும் ஊடகத்தில் செறிவைக் குறைத்துவிடும். உயரமில்லாத சாடியில் இலை நுனி மூடியில் இடித்து மடங்கும், பிறகு கோணம் அளப்பதில் பொருளில்லை. மூடியை இறுக்கவும் கூடாது. அடைத்த சாடியில் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் தேங்கும், எத்திலீனுக்கும் நெல் நீட்சிக்கும் தொடர்பு உண்டு. பஞ்சடைப்போ காற்றுவிடும் மூடியோ போதும்.

ஊடகம் பாதிச் செறிவு எம்.எஸ். (முராஷிகி-ஸ்கூக்) ஊட்ட உப்பு, லிட்டருக்கு சுமார் 2.2 கிராம், பி.எச். 5.8, அகார் 4 கிராம். சர்க்கரை வேண்டாம், பத்து நாளுக்கு அரிசியில் உள்ள மாவே போதும். அழுத்தக் கலனில் வேகவைத்த பின் ஊடகம் 50 டிகிரிக்கு, அதாவது கையால் பாட்டிலைப் பிடிக்க முடியும் சூட்டுக்கு வந்ததும் இருப்புகளைச் சேருங்கள். சேர்க்கும்போதே பாட்டிலைச் சுழற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் சொட்டினால் அங்கேயே படிந்து வெண்திரியாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் மருந்து கரையவில்லை என்று பொருள், அந்தப் பாட்டிலைப் பயன்படுத்தாதீர்கள்.

முதல் வாரம் அளவு தேடும் சோதனை மட்டும்: 0, 0.3, 1, 3, 10, 30 மைக்ரோமோலார். இலை தெளிவாக நிமிர்ந்தும், உறை குறுகியும், வேர் உயிரோடும் இருக்கும் மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடியுங்கள். அதுதான் அடுத்த வாரத்துக்கான அளவு. 10 என்று முன்முடிவு வேண்டாம்.

முதன்மைச் சோதனைக்கு ஆறு வகைச் சாடி:

1. கரைப்பான் மட்டும்
2. தடுப்பான்
3. தடுப்பானும் 24-எபிபிராசினோலைடும்
4. தடுப்பானும் ஜிப்ரலிக் அமிலமும்
5. 24-எபிபிராசினோலைடு மட்டும்
6. ஜிப்ரலிக் அமிலம் மட்டும்

ஒவ்வொன்றிலும் மூன்று சாடி, சாடிக்கு 50 மி.லி. ஊடகம், எட்டு நாற்று. மொத்தம் 18 சாடி, 144 நாற்று, 900 மி.லி. ஊடகம். எபிபிராசினோலைடை 10, 100 நானோமோலார் என இரு அளவில் வைத்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் அதிக அளவு தானே வேரைக் குறுக்கும், ஜிப்ரலின் அளவையும் கீழே இறக்கும். மீட்க வேண்டிய பொருளே குட்டையாக்கி, புதியவரைக் குழப்பிவிடும். ஐந்தாம் சாடியை இடமில்லை என்று விட்டுவிடுவார்கள். இந்தக் குழப்பத்தைப் பிரித்துக் காட்டுவதே அந்தச் சாடிதான்.

நடுவதும் வளர்ப்பதும்

முளை மேல்நோக்கி இருக்கும்படி அரிசியைப் பாதியளவே அகாரில் அழுத்துங்கள். 28 முதல் 30 டிகிரி, 16 மணி வெளிச்சம், 8 மணி இருட்டு. சாடிகளை வகைவாரியாக வரிசையில் அடுக்காமல் கலைத்து வையுங்கள். தினமும் இடம் மாற்றுங்கள். விளக்குக்கு அடியில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் ஒரே மாதிரி வளராது, மங்கிய வெளிச்சமே நாற்றை நீட்டிவிடும். சாடியின் மேல் வகைப் பெயரை எழுதாமல் எண் மட்டும் எழுதி, எண்ணுக்குரிய பட்டியலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் அளக்கும் கை சாயாது.

அளப்பது

எட்டாம் நாள் எடுத்து அளக்கலாம். இங்கே இலையை எண்ணுவதில் எல்லோரும் ஒருமுறையாவது தவறுவார்கள். முளைக்குருத்து உறையைக் கிழித்துக்கொண்டு முதலில் வரும் இலைக்கு இலைத்தாள் கிடையாது, வெறும் உறைதான். ஜப்பானிய ஆய்வுகளில் அதையே முதல் இலை என்று எண்ணுகிறார்கள். அப்படியானால் தாளோடு வரும் முதல் இலைதான் இரண்டாம் இலை. வேறு சில இடங்களில் தாளுள்ள இலையிலிருந்தே எண்ணத் தொடங்குவார்கள். நோட்டில் "இரண்டாம் இலை" என்று மட்டும் எழுதாமல், "தாளுள்ள முதல் இலை" என்று விளக்கி எழுதிவிடுங்கள்.

நாற்றை வேரோடு மெல்ல உருவி, அகாரைக் கழுவி, கறுப்புத் துணியில் படுக்கவையுங்கள். இலைத்தாளை அழுத்தி நேராக்கக் கூடாது, மூட்டு அதன் இயல்பில் இருக்கட்டும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கேமராவைச் செங்குத்தாக மேலே பிடித்துப் படம் எடுங்கள். எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் படம் முடிய வேண்டும், நாற்று வாடினால் தாள் சுருண்டு கோணம் மாறும். பிறகு இமேஜ்ஜே மென்பொருளின் கோணக் கருவியில் மூன்று புள்ளி: உறையின் மேல் ஒன்று, மூட்டில் ஒன்று, தாளில் மூட்டிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஒன்று. தாளின் நுனியில் புள்ளி வைத்தால் தாளின் தொய்வும் கோணத்தில் சேர்ந்துவிடும். உறையின் நேர்க்கோட்டைப் பூஜ்யமாகக் கொண்டு, தாள் எவ்வளவு விலகியது என்று குறியுங்கள்.

கோணத்தோடு, தாளுள்ள முதல் இலையின் உறை நீளம், அடுத்த இலையின் உறை நீளம், மொத்த உயரம், மிக நீண்ட வேர் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். கணக்கிடும்போது எட்டு நாற்றின் சராசரி ஒரு சாடிக்கு ஒரு மதிப்பு. 24 நாற்றையும் 24 தனி மாதிரியாகக் கொள்வது தவறு, ஒரே சாடியில் உள்ளவை ஒரே ஊடகத்தைக் குடித்தவை. முழுச் சோதனையையும் வேறு வேறு வாரங்களில் மூன்று முறை செய்யுங்கள்.

முடிவைப் படிப்பது

தடுப்பானில் இலை நிமிர்ந்து, உறை குறுகி, பச்சை ஆழமாகிறது. எபிபிராசினோலைடு சேர்த்ததும் கோணம் திரும்புகிறது, உறையும் நீள்கிறது. ஜிப்ரலின் சேர்த்தால் உயரம் ஓரளவு கூடினாலும் இலை நிமிர்ந்தேதான் இருக்கிறது. இப்படி வந்தால் நீங்கள் பிடித்திருப்பது பிராசினோஸ்டீராய்டு பாதை. உயரம் கூடுவதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஜிப்ரலின் நலமான நாற்றையும் நீட்டும். ஆறாம் சாடி முதல் சாடியைவிட எத்தனை மடங்கு நீண்டது, நான்காம் சாடி இரண்டாவதைவிட எத்தனை மடங்கு நீண்டது என்று விகிதத்தை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவானால் அது மீட்பு ஆகாது.

ஜிப்ரலின் சேர்த்ததும் நாற்று முழுக்கப் பழைய உயரத்துக்கு வந்துவிட்டால் பொருள் ஜிப்ரலின் பாதையை அடைக்கிறது. பேக்லோபியூட்ரசோல் சாடியில் காண்பது இதுவே.

இரண்டாலும் மீளவில்லை என்றால்? புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பார்கள், காரணம் அதிகச் செறிவு. டிரையசோல் பூஞ்சைக்கொல்லிகள் பூஞ்சையில் தாக்குவது ஸ்டீரால் உற்பத்தியின் 14-டிமெத்திலேஸ் நொதியை. அதே வகை நொதி செடியிலும் இருக்கிறது. அளவு ஏறினால் அதுவும் அடைபடும். செல் சவ்வுக்கான ஸ்டீரால்களே குறைந்த பிறகு ஹார்மோனை மட்டும் ஊற்றிப் பயனில்லை. செறிவை மூன்றில் ஒரு பங்காக்கி மறுபடி செய்யுங்கள். வேர் நுனி பழுப்பாகியிருந்தால் அது ஹார்மோன் குறைவின் அறிகுறியே அல்ல, நஞ்சு.

ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. அளக்கும் வசதி இருந்தால் இன்னொரு சான்றும் கிடைக்கும். ஹார்மோன் குறைந்தால் செடி உற்பத்தி மரபணுக்களை முடுக்கிவிடும். டி2, டி11, ஓ.எஸ். டுவார்ஃப்4, பி.ஆர்.டி1 ஆகியவற்றின் வெளிப்பாடு தடுப்பானில் உயர்ந்து, பிராசினோலைடில் தாழ்ந்தால் உங்கள் படத்துக்கு வலுச் சேரும்.

சந்தேகம் இருந்தால் செய்யும் இரண்டு துணைச் சோதனைகள்

இருட்டுச் சோதனை எளிது. அதே ஊடகத்தில் நட்டு, சாடிகளை அலுமினியத் தாளில் சுற்றி 30 டிகிரியில் எட்டு நாள் வைத்துவிடுங்கள். இருட்டில் நெல்லின் மீசோகாட்டில், அதாவது வேருக்கும் முளைக்குருத்து உறையின் அடிக்கும் இடைப்பட்ட வெள்ளைத் தண்டு, நீள வேண்டும். பிராசினோஸ்டீராய்டை உணர முடியாத டி61 நெல்லில் அது நீள்வதில்லை. தடுப்பான் சாடியிலும் அப்படியே குறுகினால் நல்ல அறிகுறி. மீசோகாட்டில் எவ்வளவு நீளும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும். விதை ஒவ்வொன்றும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், ஆழம் மாறினால் நீளம் மாறும். நடுவில் ஒருமுறைகூடத் திறந்து பார்க்காதீர்கள், சில நிமிட வெளிச்சமே நீட்சியை நிறுத்திவிடும்.

இலைமூட்டுத் துண்டுச் சோதனை பழைய முறை, இன்றும் கைகொடுப்பது. இருட்டில் ஏழு நாள் வளர்ந்த நாற்றிலிருந்து மூட்டுக்கு மேல் 1 செ.மீ. தாளும் கீழே 1 செ.மீ. உறையும் இருக்கும்படி வெட்டுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு நாள் மிதக்கவிட்டு, கோணம் ஒத்த துண்டுகளைப் பொறுக்கி, பிராசினோலைடுக் கரைசலில் 30 டிகிரியில், இருட்டில் 48 மணி நேரம் விடுங்கள். துண்டுகள் கண்ணெதிரே மடங்கியிருக்கும். உற்பத்தித் தடுப்பானை இதில் சேர்த்தால் பெரிய மாற்றம் வராது, ஹார்மோனைத்தான் நாமே வெளியிலிருந்து கொடுத்துவிட்டோமே. வளைவு நின்றுவிட்டால் உங்கள் பொருள் உற்பத்தியை அல்ல, ஹார்மோனை உணரும் வழியைத் தடுக்கிறது, அல்லது திசுவைக் கொல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே இச்சோதனையைச் செய்யலாம். ஆக்சின் என்ற இன்னொரு செடி ஹார்மோனும் அதிக அளவில் மூட்டை வளைக்கும் என்பதால் தூய்மையற்ற இலைச்சாறுகளை வைத்து இதில் முடிவு சொல்லாதீர்கள்.

வளர்ந்த செடியும் வயலும்

தூர் கட்டிய செடியில் பார்க்க விரும்புவோர் மண் தொட்டியைத் தவிர்த்து ஊட்டக் கரைசலில் வளருங்கள். யோஷிடா கரைசல், பி.எச். 5.0, வாரம் ஒருமுறை மாற்றம். மண் டிரையசோலைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு வேருக்குப் போனது என்று தெரியாது. இலையில் தெளித்தாலும் பயன் குறைவு, இந்தப் பொருள்கள் நீரோட்டத்தோடு மேலேதான் போகும், தண்டின் அடிக்கு இறங்காது. அளக்க வேண்டியவை கண்ணாடி இலையின் (கதிருக்குக் கீழே கடைசியாக வரும் இலை) கோணமும் ஒவ்வொரு கணுவிடையின் நீளமும். டி61 வகையில் மேலிருந்து இரண்டாம் கணுவிடை குறிப்பாகக் குறுகியிருக்கும், எல்லாக் கணுவிடையும் சமமாகக் குறுகினால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இதைப் படித்துவிட்டு, பயிர் சாயாமல் இருக்க வயலில் புரோபிகோனசோல் அடிக்கலாமே என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். லிட்டருக்கு 1 மி.லி. என்று நோய்க்குத் தெளிக்கும் கரைசலிலேயே மருந்து சுமார் 730 மைக்ரோமோலார் இருக்கிறது, நம் சாடியைப் போல எழுபது மடங்குக்கு மேல். அரிசியில் எஞ்சும் மருந்து ஏற்றுமதியையே தடுக்கக்கூடியது. பாசுமதியில் எச்சம் கூடியதால் பஞ்சாப் அரசு 2022, 2023 ஆண்டுகளில் புரோபிகோனசோல் உட்படப் பத்து மருந்துகளை 60 நாள் தடைசெய்தது. நோய்க்கு, லேபிளில் சொன்ன அளவில், சொன்ன காலத்தில் மட்டும்.

சோதனை முடிந்த அகாரையும் கரைசலையும் தொட்டியில் கொட்டாதீர்கள். புரோபிகோனசோல் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, அழுத்தக் கலனில் வேகவைத்தாலும் அழியாது. மூடியிட்ட கலனில் சேர்த்து, பொருளின் பெயரும் தோராய அளவும் எழுதி ஒட்டி, நிறுவனத்தின் வேதிக்கழிவுப் பிரிவிடம் கொடுங்கள். சாடிகளை முதலில் எத்தனாலால் ஒருமுறை அலசி, அந்த எத்தனாலையும் அதே கலனில் ஊற்றிய பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். வெறும் நீரில் கழுவிய சாடியில் அடுத்த முறை கட்டுப்பாட்டு நாற்றை நட்டால், அதன் இலையும் காரணம் புரியாமல் நிமிர்ந்து நிற்கும்.